சாம்பலானுக்கு ஏது அம்மா?

இரு இரு இரு... மாரிண்ணா, மொதல்ல கத்திய கீய வையி. வச்சிட்டியா? கைல வச்சிகினே தலைய ஆட்டாதண்ணா. அந்தப் பலக மேல வையி. ஆங். நா இன்னா எய்ந்து ஓடிரவா போறேன்? எங்க ஓடறது? வாசலப் பாரு, கடப்பேரி ஊர்ல பாதி ஒன் சலூன் முன்னாடி நின்னுகினு கீது. எங்க அண்ணங்காரன் கல்யாணத்துக்குக் கூட இவ்ளோ ஜனம் வரல. என் மீசைல பாதிய எடுக்கறதப் பாக்க வந்துகிறானுங்க!

நீயே நாயம் சொல்லு. படத்த எடுத்தவன் எவனோ, கோடம்பாக்கத்துல ஜோரா குந்திகினு கீறான். அவன் மீசய எவனாவது தொட்டானா? படத்த ஓட்றவரு நம்ம சினிமா கொட்டா மொதலாளி. அவரு மீச மேல கைய வெக்கறானுங்களா? ஆட்டோல கொயா ஸ்பீக்கரு கட்டிகினு மைக்குல கத்தன இந்த தசரதன் மீசதான் இளிச்சவாய் மீசயா?

நொர போடு, போடு. பரவால்ல. நொரைல இன்னா கீது. மெதுவா போடுண்ணா, அவசரமே இல்ல. எனக்கு ஒரு வேலயும் இல்ல.

ஆனா ஒண்ணு சொல்லிட்றேன். நீ இப்ப நொர போட்டுகினு கீற பாரு, இது என் மீச இல்ல. இது அம்மணி மீச. அம்மணி தெரியாதா ஒனக்கு? குன்றத்தூரு. அவங்கப்பா அப்பாதுரை, மறைமலை நகர்ல கம்பெனி கேட்டுல செக்கூரிட்டி. அந்தாளு மீசய நீ பாத்தன்னா கத்திய அவரு கால்ல வச்சிட்டு கும்புடுவ. ரெண்டு பக்கமும் சைக்கிள் ஹேண்டில்பாரு மாரி நிக்கும். பொண்ணு பாக்கப் போனப்ப என்னிய ஏற எறங்கப் பாத்தாரு, தொண்டயக் கனச்சாரு... இரு, அவரு கொரல்ல சொல்றேன்... 'மாப்ள... வேல இன்னான்னு நா கேக்கல... சம்பளம் இன்னான்னு நா கேக்கல... மீச நல்லாகீது. போதும்.' அவ்ளோதாண்ணா இன்டர்வ்யூ!

பொண்ணு இன்னா சொல்லிச்சின்னா கேக்கற? நீ எங்க கேக்கற, நாந்தான் சொல்றேன். காபி குடுத்துட்டு உள்ள போய் சித்திக்காரி காதுல சொல்லிகிது. சித்திக்காரி கொரலு வெண்கலப் பான. எனக்கே கேட்டுச்சி. 'மீச ஷோக்காகீது சித்தி, வாயிதான் நிக்கவே மாட்டேங்குது. மீச மட்டும் தனியா வந்தா கட்டிக்கறேன்'னுச்சாம்.

சிரிக்காதண்ணா. நா காபியோட கேட்டுகினு குந்திகினு இருந்தேன்.

நாளைக்கி ஞாயித்துக்கெயம. குன்றத்தூர் மலைல முருகன் முன்னாடி வச்சி தட்டு மாத்தறோம். பாதி மீசயோட போய் நின்னன்னு வையி, அந்தாளு தட்டயே தூக்கி என் தலைல கவுத்துருவாரு. முருகனே வேலக் கீய போட்டுட்டு சிரிப்பாரு. இப்ப புரியுதா எதுக்கு கத்திய கீய வையின்னேன்னு?

நொர காஞ்சி போச்சு பாரு. இன்னொரு தபா போடு. காஞ்ச நொரைல வயிச்சா எரியும்ணா, ஒனக்குத் தெரியாததா.

நீ சாம்பலான் படிச்சிகிறியா? காமிக்ஸுண்ணா. ரயிலு டேசன் புக்குக் கடைல கயித்துல தொங்கவுட்டுருப்பான்ல, படக்கத புக்கு. படிச்சா வெரலெல்லாம் மை ஒட்டும், அப்டியே மூஞ்சில வச்சிகினா நாமளே சாம்பலான். எனக்கு எய்த்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனா அந்த புக்குக்கு எய்த்தே வாணாம். ஏன்னா அவன் பேசவே மாட்டான்!

சுடுகாட்டுல ஒர்த்தன வச்சி எரிக்கறானுங்க. பாதி வேகறப்ப எய்ந்து குந்திக்கறான். எரிக்க வந்தவன் அல்லாரும் ஓடிப் பூட்றான். அவந்தான் சாம்பலான். மூஞ்சி பூரா சாம்பலு, கண்ணு ரெண்டும் செவப்பு. நல்லவனான்னு கேட்டா நல்லவன் கெடயாது. கெட்டவனுக்குக் கெட்டவன், அவ்ளோதான். அம்மா கெடயாது. லவ்வு கெடயாது. ஏழ பாழைக்கு எதுனா குடுப்பானா? ஒரு பன்னு வாங்கித் தர மாட்டான். கெட்டவன் வூட்டுல பூந்து நகைய எடுத்தான்னா அத்த அவனே வச்சிக்குவான். சுடுகாட்டுல கீறவனுக்கு நக எதுக்குன்னு கேக்காத. எனக்கும் தெரியாது. வச்சிக்குவான்!

பேச்சு ஒண்ணே ஒண்ணுதான். 'ம்.' அதும் தொண்டைல இல்லண்ணா, வவுத்துக்கும் அடிலேர்ந்து வரணும். கேளு... 'ம்ம்.' பாத்தியா, ஒன் கண்ணாடியே ஆடிச்சி. நா எத்தினி கொரலு எடுப்பேன். டேசன்ல வண்டி வர்றது சொல்ற அம்மா எடுப்பேன், 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு...' ஹா! எங்க மொதலாளி தும்மறத எடுப்பேன். ஒன்னியக் கூட எடுப்பேன்ணா. எப்டி தெரியுமா? சொம்மா இருந்தா போதும். அதான் நீ! ஆனா அல்லாத்துலயும் எனக்குப் புடிச்சது சாம்பலான் 'ம்'தான். அந்த ஒரு எய்த்துல ஆயிரம் கீது.

அப்பால அவன் வேல. ஒர்த்தனத் தீக்கறதுக்கு முன்னாடி ஒரு தபா வந்து எச்சரிக்க குடுப்பான். எப்டி? தூங்கறவன் மீசைல பாதிய வயிச்சிட்டுப் பூடுவான்! காலைல எய்ந்து கண்ணாடில பாத்தா ஒரு பக்கம் மீச, ஒரு பக்கம் மொயுக்கு. ஊர்ல ஒரு பய மதிக்க மாட்டான். திருந்திட்டான்னா தப்பிச்சான். திருந்தலன்னா... மறுபடி வருவான். அந்த தபா கத்தி மீசயோட நிக்காது.

அந்தப் பாதி மீசைலேர்ந்துதாண்ணா எனக்கு சனி புடிச்சிது.

என் வேல இன்னா? புதன்கெயமயும் வியாயக்கெயமயும் ஆட்டோல குந்திகினு, முடிச்சூர் ரோடு, சேலையூரு, இரும்புலியூரு, பெருங்களத்தூரு வரிக்கும் கத்திகினு போவணும். 'வெள்ளி முதல்! வெள்ளி முதல்! நமது டூரிங் டாக்கீஸில்!' அதான். படப்பொட்டி வெள்ளிக்கெயம காலைலதான் வரும். அதுக்கு முன்னாடி எவனும் படத்தப் பாத்துருக்க மாட்டான். மொதலாளியே பாத்துருக்க மாட்டாரு. பாக்காத படத்துக்குத்தாண்ணா இத்தினி வருஷமா நா கத்திகினு கீறேன்! ஒரு நாளு பிரச்சன வந்துகீதா? இல்ல. ஏன்? மொதலாளி இன்னா சொல்லிக் குடுத்தாரோ அத்த மட்டும் சொல்லுவேன். 'குடும்பத்துடன் வாரீர், கண்டு களிப்பீர்.' குடும்பத்தோட வந்து திட்டிட்டுப் பூடுவானுங்க. அவ்ளோதான்.

இந்த தபா வந்தது இன்னா? சாம்பலான்! நம்ம சாம்பலான படமா எடுத்துகிறானுங்க! எனக்கு நிக்க முடில, குந்த முடில. பெருங்களத்தூர் டீக்கடையாண்ட ஆட்டோ நிக்குது. எவனோ ஒரு கய்த கேக்கறான், 'இன்னா மைக்கு, படத்துல எத்தினி பாட்டு?' பாட்டா? சாம்பலானுக்குப் பாட்டா? எனக்கு உச்சி மண்டைக்கு ஏறிச்சி. மைக்க வாயாண்ட வச்சேன்...

'சாம்பலானுக்கு ஏது அம்மா? சாம்பலானுக்கு ஏது டூயட்டு? இந்தப் படத்துல ஒரே ஒரு டூயட்டு இருந்தாலும்... அம்மா கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வந்தாலும்... இந்த தசரதன், கடப்பேரி மாரி சலூன்ல குந்தி, மீசைல பாதிய எடுத்துக்கறேன்! இது சாம்பலான் மேல சத்தியம்!'

எக்கோ வேற வச்சிருந்தேன். சத்தியம்... த்தியம்... தியம்...

ஒன் சலூன் பேர ஏன் சொன்னேன்னு மொறைக்காதண்ணா. ஒனக்கு ஓசில வெளம்பரம்! இதோ பாரு, என்னிக்கி ஒன் கடைக்கு இத்தினி பேரு வந்தாங்க?

டேய், எவண்டா அவன் பிகிலு அடிக்கறது? பொறுடா! அண்ணனுக்கு விசயம் சொல்லிகினு கீறேன்ல! ...நொர காஞ்சிருச்சிண்ணா. போடு.

படம் போட்டானுங்கண்ணா, நேத்து மேட்னி. நா ஆப்பரேட்டர் ரூமு கதவாண்ட நின்னுகினு பாக்கறேன். சுடுகாடு காட்றான். நெருப்பு. பொக. எனக்குப் புல்லரிக்குது. பொணம் எய்ந்து குந்துது. மாரிண்ணா, படிய வாரின கிராப்புண்ணா! ஒரு முடி கலயல! கன்னத்துல ரோஸ் பவுடரு! வெந்துகினு கீறவன் எங்கடா போயி பவுடர் போட்டான்? மூஞ்சி பூரா சாம்பலப் பூசினா ஹீரோவ அடயாளம் தெரியாதுன்னு நெத்தில மூணு கோடு மட்டும் போட்டுகிறானுங்க. சாம்பலான் எங்க, இவன் எங்க? கோயில்லேர்ந்து வந்தவன் மாரி கீறான்.

சரி. மூஞ்சி போனா போவுது. அந்த 'ம்' வரும்ல? கொட்டா பூரா மூச்சப் புடிச்சிகினு கீது. ஹீரோ வாயத் தொறக்கறாரு. இன்னா சொன்னாரு தெரியுமா? கைய ரெண்டும் விரிச்சி...

'அம்மாஆஆஆ!'

சத்தியமா சொல்றேன். அந்த நிமிசம் ஒரு பய தெரயப் பாக்கல. மொத்தக் கொட்டாயும் ஒண்ணாத் திரும்பி ஆப்பரேட்டர் ரூமப் பாக்குது. என்னிய. என் மீசய.

அங்க வூட்டுல அவனோட அம்மா தையல் மிசின் மிதிச்சிகினு கீறாங்க. ஊசிய உட்டுட்டு எய்ந்து வாசல்ல நின்னு மூக்க உறிஞ்சறாங்க. 'என் புள்ள வாசன! என் புள்ள வாசன வருது!' ஏம்மா, அவன் பாதி வெந்து வந்துகிறான், இன்னா வாசன வரும்? அதக் கேட்டுட்டு அயுவறாங்க. ஒரு சொட்டா? பாலாத்துல தண்ணி வந்தாக்கூட அவ்ளோ வராது!

டூயட்டு... கேளு. பாரின் ஏரின்னு காட்றான். எனக்கு தெரியாதா, அது நம்ம பள்ளிக்கரணைண்ணா! அந்தக் கோரையும் சேறும்! ஹீரோ கோட்டு சூட்டு போட்டுகினு ஹீரோயின் பொண்ணு கையப் புடிச்சிகினு ஓட்றாரு, ஷூ சேத்துல மாட்டிக்கிது, காலு மட்டும் வெளிய வருது. அத்த அப்டியே வச்சிகிறானுங்க! பின்னாடி ஒரு கொக்கு நின்னுகினு கீது. அதான் அந்தப் படத்துலயே ஒயுங்கா நடிச்சிது. பேசாம நின்னுச்சி. அதாண்ணா நெஜமான சாம்பலான்.

பாதி மீசயாவது வருமான்னு பாத்தேன். அதான் நம்ம உயிரு. வில்லன் தூங்கறான். ஹீரோ ஜன்னல் வயியா வர்றாரு. ஜோபுல கைய உடறாரு, எடுக்கறாரு... சந்தனக் கிண்ணம்! வில்லன் நெத்தில பொட்டு வச்சி, போர்வய இஸ்துப் போத்திட்டு, 'திருந்து தம்பி, ஒனக்கும் ஒரு தாய் உண்டு'ன்றாரு!

ஏன்னு விசாரிச்சேண்ணா. பொட்டி கொண்டாந்த ஆளு சொன்னான். வில்லனா நடிச்சவரு மீசய எடுக்க மாட்டேன்னுட்டாராம். நாலு படம் கைல கீதாம், மீசய வச்சித்தான் பொயப்பாம். பாத்தியா? பாத்தியா அந்த நாயத்த? அந்தாளு மீச அந்தாளு பொயப்புன்னா அல்லாரும் சரின்னுட்டானுங்க. கதயவே மாத்தினானுங்க! தசரதன் மீசைக்கு எவனாவது கதய மாத்தறானா? நாளைக்கி தட்டு மாத்தணும்னு கெஞ்சறேன், 'மைக்குல சொன்னியே, சொன்னியே'ன்றானுங்க. காலைல பஸ் ஸ்டாண்டாண்ட போண்டா துன்னுகினு இருந்தேன், அப்டியே தூக்கியாந்துட்டானுங்க. போண்டா அங்கயே கீது.

இல்ல, நா கேக்கறேன், படம் எடுக்கறவன் நேர்மையா எடுத்துருந்தா எனக்கு இந்த பேஜாரு வருமா? அவன் போஸ்டர்ல மட்டும் அந்தம்மாவ அவ்ளோ பெருசாப் போட்டுகிறான், புக்குல இல்லாத அம்மாவ...

இன்னாண்ணா?

போஸ்டரா? இல்ல... போஸ்டரு வந்துச்சு... வரும்ல, எல்லாப் படத்துக்கும் வரும்ல. செவ்வாக்கெயமயே வந்துரும். நாந்தான் ஒட்டுவேன், மைதா பச காச்சி. நாலு துண்டா வரும்ணா. ஒரு துண்டுல ஹீரோ மூஞ்சி. அத்த மட்டும் ஒட்னேன். மிச்சத்துல அந்தம்மா அயுவுது, அந்தப் பொண்ணு சிரிக்கிது, கொக்கு நிக்கிது... அத்த எதுக்கு ஒட்டணும்? சாம்பலானுக்கு அசிங்கம்ல? நா இன்னா நெனச்சேன், எல்லாப் போஸ்டர்லயும் ஒரு அம்மா இருப்பாங்க, அது ஒரு சாங்கியம், படத்துல இருக்க மாட்டாங்கன்னு...

கியிச்சிப் போடலண்ணா. தூக்கிப் போடவும் இல்ல. நம்ம வூட்டுக் கூர ஒயுவுது தெரியும்ல. அந்த ஓட்டைல சொருவி வச்சேன். ராவெல்லாம் மய. பாயில மல்லாக்கப் படுத்துகினு கீறேன், மேல பாத்தா அந்தம்மா கண்ணு. சரியா அந்தக் கண்ணாண்டதான் ஓட்ட. சொட்டு சொட்டா என் மூஞ்சிலயே வுயுது. தொடச்சிகினேன். காலைல போயி மைக்குல சொன்னேன், அம்மா கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வந்தாலும்னு...

ஐயய்யோ. சத்தமா சொல்ட்டனா?

டேய் டேய் டேய், உள்ள வராதீங்கடா! கண்ணாடி ஒடஞ்சா மாரிண்ணனுக்கு எவன் குடுப்பான்! 'தெரிஞ்சே சொன்னியா'வா? தெரிஞ்சு சொல்லலடா, நம்பி சொன்னேன்! ரெண்டுக்கும் வித்தியாசம் கீது! வாய வச்சிகினு சொம்மா இருந்துருந்தா... சரிடா, இருந்துருக்கலாம். கண்டுபுடிச்சிட்டானுங்க பெரிய...

மாரிண்ணா. கண்ணாடில பாரு. பின்னாடி... கதவாண்ட... சைக்கிள் ஹேண்டில்பாரு.

மாமா! வாங்க மாமா! எப்ப வந்தீங்க? நாளைக்கித்தான தட்டு... ஓ, பூவுக்கு ஆர்டர் சொல்ல தாம்பரம் மார்க்கெட் வந்தீங்களா. கூட்டத்தப் பாத்துட்டு நின்னீங்களா. எந்நேரமா நிக்கறீங்க?

போண்டாலேர்ந்தா.

இல்ல மாமா, இது சொம்மா... ட்ரிம்மு. நாளைக்கி தட்டு மாத்தறோம்ல, மீசய சரி பண்ணிகினு கீறோம். இவனுங்கல்லாம் நம்ம பசங்க, ஆசயாப் பாக்க வந்துகிறானுங்க. இல்லடா? டேய், தலைய ஆட்டுங்கடா!

படமா? நீங்களும் பாத்தீங்களா? அம்மணியோட? குன்றத்தூர் கொட்டாய்லயா... அயுதீங்களா? அந்தம்மா வாசன புடிக்கற எடத்துலயா. ரெண்டு பேருமா. ஆமா மாமா! நானுந்தான்! நா இன்னா சொன்னேன் மாரிண்ணன்கிட்ட, இப்பதான் சொல்லிகினு இருந்தேன், அந்தம்மா நடிப்பு... டேய் சிரிக்காதீங்கடா! நாசமாப் போறவனுங்களா!

சரி மாமா. கேளுங்க. ஆமா, மைக்குல சொன்னேன். சத்தியம் பண்ணேன். எக்கோவோட. ...சொன்ன பேச்ச முயுங்கறவனுக்கு பொண்ணு இல்லயா? மாமா, மீச நல்லாகீதுன்னுதான அன்னிக்கி பொண்ணு குடுக்கறேன்னீங்க... ரெண்டும் ஒரே நேரத்துல எப்டி மாமா? நா இன்னா பண்றது? எந்தப் பக்கம் போனாலும் மதிலு!

இன்னாது? சாம்பலான்னா யாருன்னே தெரியாதா ஒங்களுக்கு? புக்கு பாத்ததே இல்லயா? படத்துல வர்றதுதான் சாம்பலான்னு நெனச்சிகினு கீறீங்களா? சந்தனக் கிண்ணமா? ஐயோ மாமா! ஐயோ! அது இல்ல மாமா சாம்பலான்! இப்டி நில்லுங்க. நீங்க தூங்கிகினு கீறீங்கன்னு வையிங்க. வெளிச்சம் இல்ல. ஜன்னலு. மாரிண்ணா, வெளக்க அண... அணண்ணா, ஒரு நிமிசம்! டேய், எவனும் பேசக்கூடாது.

இப்ப நாந்தான் சாம்பலான். நாந்தான் தூங்கறவனும். ரெண்டு வேசம். மூஞ்சி பூரா சாம்பலு, இந்த நொரய சாம்பலுன்னு வச்சிக்கங்க. வர்றான். காலு சத்தம் கேக்காது. மாரிண்ணா, கத்திய இப்டி குடு. குடுண்ணா, சொம்மா காட்றதுக்கு. பயப்பட மாட்டான், அவசரப்பட மாட்டான். தூங்கறவன் மூக்காண்ட குனியறான், மூச்சக் கேக்கறான். கத்திய இப்டி சாச்சிப் புடிப்பான், புக்குல ரெண்டு பக்கத்துக்கு அந்தக் கத்தி மட்டுந்தான் மாமா, மின்னிகினு... அப்பால மெதுவா... ஒரே இஸ்ப்பு...

சர்ரு.

...

மாரிண்ணா. வெளக்கப் போடு.

...

மாமா, ஏன் பின்னாடி போறீங்க? மீசய ஏன் ரெண்டு கையாலயும் மூடிகினீங்க? ஒங்கள ஒண்ணும் பண்ண மாட்டேன் மாமா, கத்திய வச்சிட்டேன் பாருங்க. டேய், ஏண்டா ஒரு பய கூட பிகிலு அடிக்க மாட்டேங்கறீங்க? எவனாவது எதுனா சொல்லுங்கடா.

பாத்தியாண்ணா. பயந்துட்டானுங்க. இதாண்ணா சாம்பலான். இத்தன செலவு பண்ணி படம் எடுத்தானே, இந்த ஒரு சீன...

இன்னா மாமா? சிரிக்கறீங்களா? நெசமாவே சிரிக்கறீங்களா? அம்மணி வூட்லயே இன்னா சொல்லிச்சி? மீச மொளைக்கும்... மொளைக்கும்தான... வாயிதான் அடங்கணும்னா? சரி மாமா. நாளைக்கி வர்றேன். தட்டு மாத்தி முடிக்கற வரிக்கும் ஒரு வார்த்த பேச மாட்டேன். கேட்டா மட்டும்... அதும் கூடாதா. சத்தியமா மாமா. இல்ல இல்ல, சத்தியம் வாணாம்.

இன்னாண்ணா? மிச்சப் பாதிய எடுத்துரவான்னா கேக்கற?

ம்.